எனக்கு மூச்சு முட்டுகிறது: ஸ்பானிஷ்காரர்களும் ‘காஸ்ப்’ என்ற வினைச்சொல்லும்

‘காஸ்ப்’ (gasp, சட்டென்று வாய் திறந்து மூச்சை உள்ளே இழுப்பது) என்ற ஆங்கில வினைச்சொல்லை ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. அவர்களுக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அகராதியைத் திறந்தால் முதல் பொருளாக ‘ஹதெயார்’ என்று இருக்கும். குறித்துக்கொள்வார்கள், அடுத்த சொல்லுக்குப் போவார்கள். அப்புறம் ஒரு மாதம் கழித்து, கதையில் ஒரு பெண் கடிதத்தைப் பிரித்துப் பார்த்து ‘காஸ்ப்’ செய்தாள் என்று வரும்போது, கடிதம் படித்ததற்கு இவளுக்கு ஏன் நாய் மாதிரி மூச்சு இரைக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

நான் இணையவழியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஸ்பெயின்காரர்கள் மதியச் சாப்பாடு முடித்து உட்காரும்போது எனக்கு மாலை மயங்கியிருக்கும். மெக்சிகோ, கொலம்பியாக்காரர்கள் வேலை முடிந்து வரும்போது எனக்கு விடிந்திருக்கும். ஸ்பெயினிலிருந்து வருகிறவர்களில் செவிலியர் அதிகம். 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அங்கே வேலை கிடைக்காமல் பிரிட்டனுக்குப் போன செவிலியர் ஏராளம். அந்தப் பாதையில் இன்னும் ஆட்கள் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அங்கே பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி தேர்வு எழுத வேண்டும். ஓஇடி மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு; அதில் நோயாளியாக ஒருவர் நடிப்பார், அவரிடம் பேசிக் காட்ட வேண்டும். நோயாளி என்று வந்துவிட்டால் மூச்சைப் பற்றிப் பேசாமல் முடியுமா?

முதலில் ஹதெயார் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பழைய வடிவம் இஹதெயார். இஹாதா என்றால் விலாவுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே உள்ள பள்ளமான இடம். ஓடிக் களைத்த குதிரைக்கோ நாய்க்கோ அந்த இடம் உள்ளே போய் வெளியே வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் இந்தச் சொல். காற்று உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே, நிற்காமல், வேகமாக. நம்முடைய ‘மூச்சிரைத்தல்’ கிட்டத்தட்ட அதே. ஆங்கிலத்தில் இதற்குச் சரியான ஜோடி ‘பேன்ட்’ என்ற வினைச்சொல். உடனே மாணவர்கள் கால்சட்டையைக் காட்டிச் சிரிப்பார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை. மூச்சிரைக்கும் பேன்ட் பழைய பிரெஞ்சு வழியாக, கெட்ட கனவு கண்டு மூச்சடைத்து விழிப்பதைக் குறித்த ஒரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘ஃபேன்டசி’க்கும் அதற்கும் கிரேக்கத்தில் ஒரே வேர். வகுப்பில் பார்சலோனாக்காரர் யாராவது இருந்தால் அவர் முகம் மலரும். கத்தலான் மொழியில் மூச்சிரைப்பதற்கு ‘பன்தெஷார்’ என்றுதான் சொல்வார்கள், அதே வேரிலிருந்து. பக்கத்திலேயே இருக்கும் ஸ்பானிஷுக்குக் குதிரையின் விலா கிடைத்தது, கத்தலானுக்குக் கெட்ட கனவு.

‘காஸ்ப்’ இது எதுவுமே இல்லை. ஒரே ஒரு மூச்சு, உள்நோக்கி, வாய் திறந்து, சத்தத்தோடு. அவ்வளவுதான் அதன் உடல். பழைய நார்ஸ் மொழியில் ‘கெய்ஸ்பா’ என்றால் கொட்டாவி விடுவது. அங்கிருந்து வந்த சொல் இது. கொட்டாவியும் வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுப்பதுதானே. தண்ணீருக்குள் முங்கி எழுந்தவர் ‘ஹா’ என்று இழுக்கும் அந்த மூச்சு காஸ்ப். மேடையில் சர்க்கஸ்காரர் கால் இடறும்போது கூட்டம் முழுக்க இழுக்கும் மூச்சும் காஸ்ப். பல தடவை தொடர்ந்து நடந்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனி. ஹதெயார் போல ஒரே ஓட்டமாக இருக்காது.

இதைச் சொல்லி விளக்குவதைவிடச் செய்து காட்டுவது சுலபம் என்று நினைப்பீர்கள். நானும் காமிராவுக்கு முன்னால் நன்றாக வாயைப் பிளந்து காட்டுவேன். ஆனால் வீடியோ அழைப்பு மென்பொருளுக்கு மூச்சுச் சத்தம் என்றால் மின்விசிறிச் சத்தம் மாதிரி. இரைச்சல் என்று வடிகட்டி எறிந்துவிடும். அந்தப் பக்கம் தெரிவது சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து மூடும் ஓர் ஆசிரியர். ஒருமுறை ஒருவர் ‘போகெயார்’ என்று எழுதி அனுப்பினார். போகா என்றால் வாய். கரையில் போட்ட மீன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறதே, அது போகெயார். கிண்டல்தான், ஆனால் அகராதி முதலில் தந்த சொல்லைவிட அது எவ்வளவோ நெருக்கம்.

நெருக்கம், ஆனால் கொஞ்சம் ஆபத்து. மனிதரைப் பற்றிப் பேசும்போது போகெயார் மரணப் படுக்கையின் வாடை அடிக்கும் சொல். கடைசி ‘போகெயாதா’க்களை விடுகிறார் என்றால், நம் ஊரில் ‘மேல்மூச்சு வாங்குது’ என்று சொந்தக்காரர்களுக்கு ஆள் அனுப்பும் நிலைமை. எனவே சர்க்கஸ் கூட்டம் போகெயார் செய்தது என்று எழுத முடியாது. எழுதினால் கூடாரத்துக்குள் வெகுஜன மரணம்.

மருத்துவத்தில்தான் இந்தச் சொல் உண்மையிலேயே உயிர்ப் பிரச்சினை. இதயம் திடீரென்று நின்றுபோனால் மூச்சும் அந்த விநாடியே நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதல் சில நிமிடங்களில், 40 சதவீதம் பேருக்கு வரை, மூளைத்தண்டு தன் கடைசிச் சக்தியில் அவ்வப்போது ஒரு பெரிய இழுப்பை இழுக்கும். தாடை அசையும், குறட்டை மாதிரி, முனகல் மாதிரி சத்தம் வரும். அந்த மூச்சால் உடம்புக்கு ஒரு பயனும் இல்லை. ஆனால் பக்கத்தில் நிற்கிறவருக்கு, ‘மூச்சு இருக்கு’ என்று தோன்றும். அவசர எண்ணுக்குக் கூப்பிட்டவர், ‘மூச்சு விடுகிறாரா?’ என்று மறுமுனையில் கேட்டால் ‘விடுகிறார், விடுகிறார்’ என்பார். நெஞ்சை அழுத்த வேண்டிய நேரம் கைநழுவிப் போய்விடும். அதனால்தான் ‘மூச்சு விடுகிறாரா’ என்று மட்டும் கேட்காமல் ‘இயல்பாக மூச்சு விடுகிறாரா’ என்று கேட்கச் சொல்லித் தருகிறார்கள். எழுப்பினால் எழவில்லை, மூச்சு இயல்பாக இல்லை: இவ்வளவு போதும், சிபிஆர் தொடங்கிவிட வேண்டும்.

இந்த இழுப்புக்கு ஆங்கில மருத்துவத்தில் பெயர் ‘காஸ்பிங்’. ஸ்பெயின் மருத்துவர்கள் என்ன சொல்கிறார்கள்? ‘ரெஸ்பிராசியோன் அகோனிகா’ (சாகும் தறுவாயின் மூச்சு) என்கிறார்கள், போகெயாதாஸ் என்கிறார்கள். பல சமயம் அப்படியே ‘காஸ்பிங்’ என்றும் சொல்லிவிடுகிறார்கள். அதாவது, என் மாணவிகளான செவிலியருக்கு இந்தச் சொல் புதிதே அல்ல. தங்கள் மொழியிலேயே தெரியும், ஆனால் ஒரே ஒரு பொருளில், அதிலும் மிகப் பயங்கரமான பொருளில் தெரியும். நம் வீடுகளில் ‘குழந்தைக்கு வீசிங் இருக்கு’ என்று சொல்கிறோமே, அதே கதை. ‘வீஸ்’ என்பது ஆங்கிலத்தில் வினைச்சொல். பழைய கார் எஞ்சின்கூட வீஸ் பண்ணும். நமக்கோ அது ஒரு நோயின் பெயர், நெபுலைசரோடு சேர்ந்தே வரும் பெயர். (ஸ்பெயினில் வீசிங்குக்கு மருத்துவர் சொல்வது சிபிலான்சியாஸ், நோயாளி சொல்வது ‘நெஞ்சில் பீதோஸ்’, விசில்கள். எனக்கு அந்த விசில்தான் பிடிக்கும்.)

செவில் நகரத்துச் செவிலியர் ஒருவர் (தமிழில்தான் இந்தச் சொல் விளையாட்டு, அவரிடம் சொன்னால் புரியாது) தேர்வெல்லாம் முடித்து வட இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனைக்குப் போனார். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு வயதான அம்மா அவரைக் கூப்பிட்டு, ‘கண்ணு, நான் காஸ்பிங்’ என்று சொல்லியிருக்கிறார். இவருக்குக் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று. ஓடிப்போய் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை விரலில் மாட்டி, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார். அளவு நன்றாகவே இருந்தது. அந்த அம்மா பொறுமையாக, ‘டீ கேட்டேன்மா’ என்றாராம். பிரிட்டனில் அப்படித்தான், நா வறண்டு டீக்குத் தவிக்கிறவர் ‘காஸ்பிங்’. மலிவான சிகரெட்டுக்கு அங்கே பழைய கொச்சைப் பெயர் ‘காஸ்பர்’. அந்த அம்மா சொன்னதை ஸ்பானிஷில் ‘ஒரு காப்பிக்காகச் செத்துக்கொண்டிருக்கிறேன்’ என்றுதான் சொல்வார்கள். மூச்சை விட்டுவிட்டு நேரே சாவுக்குப் போய்விடுவார்கள்.

இத்தனை பொருள் இருக்கிறது, சரி. பல பொருள் கொண்ட சொல் எந்த மொழியில் இல்லை? ஸ்பானிஷ்காரர்களை இந்தச் சொல் இவ்வளவு படுத்துவதற்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். பொருளைவிட இலக்கணம்தான் அவர்களைத் தடுக்கிறது.

மூச்சுக்குத் தவிக்கும் ஸ்பானிஷ்காரர் என்ன சொல்வார்? ‘மே ஃபால்தா எல் ஐரே’. மே: எனக்கு. ஐரே: காற்று. எனக்குக் காற்று குறைகிறது. அதிர்ச்சியில் மூச்சு நின்றால்? ‘செ மே கோர்தோ லா ரெஸ்பிராசியோன்’, எனக்கு மூச்சு அறுந்துவிட்டது. இரண்டிலும் வாக்கியத்தை நடத்துவது காற்றும் மூச்சும்தான். மனிதர் ஓரமாக, ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். தமிழ் வாசகர்களுக்கு இதைவிட இயல்பான வாக்கியம் உண்டா? எனக்கு மூச்சு வாங்குது. எனக்கு மூச்சு முட்டுது. எனக்குத் திக்கென்றது. ஸ்பானிஷ் கற்கும்போது ‘எனக்குப் பிடிக்கும்’ என்ற அமைப்பை எதிர்கொள்ளும் ஆங்கிலேயர்கள் மாதக்கணக்கில் திண்டாடுவார்கள். நாம் ஒரு மதியத்தில் தாண்டிவிடுவோம். மூச்சும் அதே தெருவில்தான் குடியிருக்கிறது.

ஆங்கிலத்தில் அப்படி இல்லை. காஸ்ப் செய்வது மனிதர். அவர் எழுவாய். அவர் விரும்பிச் செய்யவில்லை, அவரால் அடக்கவும் முடியாது, ஆனாலும் நடந்தேன், சிரித்தேன் என்கிற மாதிரி காஸ்ப் செய்தேன். ஸ்பானிஷ் மனத்துக்கு ‘எனக்கு நேர்ந்தது’ ஒன்றை ஆங்கிலம் ‘நான் செய்தது’ என்று எழுதுகிறது. அகராதியில் ஹதெயார் முதலில் நிற்பதும் இதனால்தான் என்பது என் கணிப்பு. பொருள் பொருந்துகிறது என்பதற்காக அல்ல, இடம் பொருந்துகிறது என்பதற்காக. ‘அவள் ______’ என்ற கோடிட்ட இடத்தில் ‘எனக்கு மூச்சு அறுந்தது’ என்ற முழு வாக்கியத்தை நுழைக்க முடியாது. ஒற்றை வினைச்சொல் வேண்டும். கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது ஹதெயார். குதிரையைப் பிடித்து மாட்டிவிட்டார்கள்.

அதனால் இப்போதெல்லாம் நான் பாடத்தை வேறு பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். அகராதியை மூடச் சொல்கிறேன். கடைசியாக எப்போது உங்களுக்கு மூச்சு அறுந்தது, காற்று குறைந்தது, ஸ்பானிஷிலேயே சொல்லுங்கள் என்கிறேன். பனிச்சறுக்கு, பரீட்சை முடிவு, கடலில் குளிர்ந்த தண்ணீர், முன்னாள் காதலன் புதுக் காதலியோடு பாருக்குள் வந்தது, எல்லாம் வரும். பிறகு அதே வாக்கியத்தில் ‘எனக்கு’ இருக்கும் இடத்திலிருந்து ஆளைத் தூக்கி எழுவாயாக உட்காரவைத்து, மூச்சை எடுத்துவிட்டு, காஸ்ப் என்று போடச் சொல்கிறேன். முக்கால்வாசி வாக்கியங்கள் சரியாகவே வந்துவிடுகின்றன. ‘மே ஆஓகோ’ மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். நேர்ப்பொருள் ‘நான் மூழ்குகிறேன்’. தண்ணீர்ப் பக்கமே போகாத ஆஸ்துமா நோயாளியும் அவசர சிகிச்சைப் பிரிவில் இதைத்தான் சொல்வார். அதை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்தால், நீச்சல் குளம் எங்கே என்று தேடுவார்கள்.

இரண்டு மொழிகளும் தற்செயலாகக் கைகோக்கும் இடமும் ஒன்று உண்டு. கால்பந்து. பிரிட்டிஷ் பத்திரிகைகளில் ஆட்டம் முடியும் தறுவாயில் விழும் கோல் ‘லாஸ்ட் காஸ்ப்’ கோல், கடைசி இழுப்பில் வந்த கோல். 24 மே 2014 அன்று லிஸ்பனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி நினைவிருக்கலாம். அத்லெதிகோ மாட்ரிட் 1-0 என்று கோப்பையைத் தொட்டுவிட்டது. ஆட்டக் கடிகாரம் 92:48 காட்டும்போது எதிரணியான ரியால் மாட்ரிட்டின் செர்ஹியோ ராமோஸ், மோட்ரிச்சின் கார்னரைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். கூடுதல் நேரத்தில் ரியால் மாட்ரிட் 4-1 என்று ஜெயித்தது. இந்த மாதிரி கோலை ஸ்பானிஷ் பத்திரிகைகள் ‘கோல் அகோனிகோ’ என்று எழுதும். அகோனிகோ! இதயம் நின்றவரின் மூச்சுக்கு வைத்த அதே பெயர். ஆங்கிலத்தில் சாகும் மூச்சும் கடைசி நிமிட கோலும் காஸ்ப். ஸ்பானிஷில் இரண்டும் அகோனிகோ. சொல் பொருந்தவில்லை, ஆனால் கட்டிய முடிச்சு ஒன்றுதான். அகோன் என்றால் கிரேக்கத்தில் போட்டி, போராட்டம். எனவே விளையாட்டுப் பக்கத்துக்குத்தான் அந்தச் சொல்லின் மேல் மூத்த உரிமை என்றும் வாதாடலாம்.

அதே கோலை ‘ஊல்திமோ சுஸ்பீரோ’வில், கடைசிப் பெருமூச்சில், வந்த கோல் என்றும் சொல்வார்கள். இது எனக்கு வேடிக்கையாக இருக்கும். காஸ்ப் உள்ளே போகும் மூச்சு. சுஸ்பீரோ வெளியே போகும் மூச்சு. ஆங்கிலேயர் கடைசியாக ஒன்றை உள்ளே இழுக்கிறார், ஸ்பானியர் கடைசியாக ஒன்றை வெளியே விடுகிறார். கிரானாடாவுக்குத் தெற்கே ஒரு கணவாய்க்கே ‘மூரின் பெருமூச்சு’ என்று பெயர். 1492 ஜனவரியில் நகரத்தை ஒப்படைத்துவிட்டுப் போன கடைசி சுல்தான் போஅப்தில் அங்கே நின்று திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டதாகக் கதை. லிமாவில் பால் இனிப்பின் மேல் மெரிங் (முட்டை வெள்ளைக்கரு நுரை) வைத்த ஒரு பண்டத்துக்கும் சுஸ்பீரோ என்றே பெயர். பெருமூச்சுக்கு இத்தனை மரியாதை செய்த மொழி, உள்ளே இழுக்கும் அந்த ஒற்றை மூச்சுக்கு மட்டும் ஒரு வினைச்சொல்கூட ஒதுக்கவில்லை.

உச்சரிப்பைப் பற்றி ஒரு பத்தி. ஸ்பானிஷ் சொற்கள் ‘ஸ்ப்’ என்று முடிவதில்லை. இறந்தகாலத்தில் அதற்குப் பின்னால் ஒரு ‘ட்’ வேறு ஒட்டும். மூன்று மெய் வரிசையாக. பலர் ‘காஸ்பெத்’ என்று ஓர் உயிரைச் செருகிச் சமாளிப்பார்கள். அந்தலூசியாக்காரர்களும் கரீபியத் தீவுக்காரர்களும் அசையின் முடிவில் வரும் ‘ஸ்’ஸை வெறும் காற்றாக, ‘ஹ்’ என்று விட்டுவிடுவார்கள். செவில் மாணவி சொன்னால் அது ‘காஹ்ப்’. மூச்சைப் பற்றிய சொல்லுக்குள் அவர்கள் தங்கள் மூச்சையே வைத்துவிடுவதால், திருத்த எனக்கு மனம் வராது. தேர்வு இருப்பதால் திருத்துகிறேன். ‘ப்ரீத்’ என்பதன் கடைசி ஒலிக்கு மட்டும் அவர்களைவிட நமக்குக் கஷ்டம் குறைவுமில்லை, அதிகமுமில்லை. ‘நாதா’ என்று அவர்கள் சொல்லும்போதும் ‘அது’ என்று நாம் சொல்லும்போதும் நடுவில் வருவது அதே மெல்லிய ஒலிதான். இருவருக்கும் அதைச் சொல்லின் கடைசியில் வைக்கத்தான் பழக்கமில்லை.

கடைசியாக மிஞ்சுவது நாவல்கள். உரையாடலை எழுதிவிட்டு ‘என்று காஸ்ப் செய்தாள்’ என்று போடுவது ஆங்கில எழுத்தாளர்களின் பழக்கம். சொன்னாள் என்பதற்குப் பதில் அந்த ஒரு வினை, சொன்னதையும் சொன்ன விதத்தையும் சேர்த்துச் சுமக்கும். ஸ்பானிஷ் மொழிபெயர்ப்புகளில் இது ‘ஆஓகோ உன் கிரீதோ’, ஓர் அலறலை மூழ்கடித்தாள் என்று ஆகும். மேலே பார்த்த அதே மூழ்கும் வினை. அவள் அலறவே இல்லை, இல்லாத அலறலை எதற்கு மூழ்கடிக்க வேண்டும்? இன்னொரு வழி, ‘ஹதெயோ’ என்று போட்டுவிடுவது. இளைஞர்களுக்கான மொழிபெயர்ப்புக் காதல் கதைகளில், குறிப்பாக ரசிகர்கள் தாங்களே பெயர்த்துப் போடுபவற்றில், கதவைத் திறந்தால் ஹதெயோ, விளக்கு அணைந்தால் ஹதெயோ, மாமியார் வந்தால் ஹதெயோ. ஸ்பானிஷில் நாயும் குதிரையும் தவிர இந்த வினை அதிகம் புழங்கும் இடம் படுக்கையறை என்பதால், மாமியார் காட்சி விபரீதமாகப் போய்விடுகிறது.

பொகோட்டாவில் இருக்கும் என் மாணவி ஒருவர் மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலம் அவருக்கு நன்றாகவே தெரியும்; பேச்சுப் பழக்கத்துக்காக வருகிறார். ‘குரல் அறுபட்டுச் சொன்னாள்’, ‘நூல் போன்ற குரலில் சொன்னாள்’ என்று நான் அவருக்குப் பல வழிகள் எடுத்துக்கொடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அதெல்லாம் நீளம், அந்த மூச்சு அரை விநாடிதான் என்றார். அவர் செய்வது இது: வினையைத் தொடுவதே இல்லை. உரையாடலின் முன்னால் ஓர் ‘ஆய்!’ சேர்த்துவிட்டு, ‘என்று சொன்னாள்’ என்று சாதாரணமாக முடித்துவிடுகிறார். பதிப்பாசிரியர் இதுவரை ஒரு தடவைகூடத் திருத்தவில்லையாம்.